மாட்டை என்ன செய்வது?

2017 செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை இரவு. பாலித் தீவில், சானூர் கடற்கரையை ஒட்டி நான் வேலை பார்த்த ஓட்டலின் அடுக்களை. கடைசி ஆர்டர்கள் போய்க்கொண்டிருந்தன. எட்டரை தாண்டியதும் எல்லாருடைய போனும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர ஆரம்பித்தது. ஆகுங் மலைக்கு 'ஆவாஸ்' அறிவித்துவிட்டார்கள்.

இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நாலு படி வைத்திருக்கிறார்கள். நார்மல், வஸ்படா, சியாகா, ஆவாஸ். ஆவாஸுக்கு மேல் படி கிடையாது. செப்டம்பர் 14-ஆம் தேதி வஸ்படா, 18-இல் சியாகா, 22-இல் ஆவாஸ். எட்டே நாளில் அடியிலிருந்து உச்சிப்படிக்கு ஏறிவிட்டது மலை.

தந்தூர் அடுப்பில் என்னோடு நின்றவருக்கு ஊர் செலாட் பக்கம், மலையுச்சியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி. அவரை நான் 'ப்ளி' என்றுதான் கூப்பிடுவேன். பாலியில் தன்னைவிட மூத்த ஆணை அப்படித்தான் அழைப்பார்கள், நம் 'அண்ணே' மாதிரி. பதிலுக்கு அவர் என்னை 'பாக்' என்பார். அது மரியாதைச் சொல். போனைப் பார்த்தார். கையிலிருந்த கம்பியை ஓரமாகச் சாய்த்து வைத்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இது: "மாட்டை என்ன செய்றது, பாக்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முதல்ல அம்மாவையும் பிள்ளைங்களையும் கீழ எறக்குங்க ப்ளி, மாடு கெடக்கட்டும்" என்று சத்தமே போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்தக் கோபத்துக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா கடலில் பூமி ஆடியது நம் நேரப்படி காலை 6:29-க்கு. எங்கள் கரைக்கு அலை வந்தபோது ஒன்பது மணியை ஒட்டியிருக்கும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரம் முழுக்க எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏற்பாடே அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் இல்லை. எனக்குப் பதினாறு வயது. அத்தையை இழந்தோம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேலே போனார்கள். அப்படி ஒரு காலையைப் பார்த்தவனுக்கு, முன்கூட்டியே சொல்லிக் கெஞ்சுகிற ஒரு மலை கிடைத்தும் மாட்டைப் பற்றிக் கேட்கிறவரைப் புரியவில்லை. அது புரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தைத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் விடிகாலை கடற்கரைக்குப் போனேன். வானம் தெளிவாக இருந்தால் சானூர் மணலில் நின்றே ஆகுங்கைப் பார்க்கலாம். வடகிழக்கில் நீலமாக, ஒரு பக்கமும் கோணாத கூம்பு. 3,000 மீட்டருக்கு மேல் உயரம். எங்களுக்கும் அதற்கும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஒரு புகை இல்லை, ஒரு சத்தம் இல்லை. பூசைத் தட்டோடு வந்திருந்த பெண்கள் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, தென்னங்குருத்துக் கிண்ணத்தில் பூ வைத்த படையலை மணலில் வைத்துப் போனார்கள். தினமும் செய்வதுதான். அன்றைக்குக் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அம்மாவிடமிருந்து போன். டிவியில் பார்த்திருக்கிறது. "தம்பி, கெளம்பி வந்துரு. வேல போனா போவுது."

"நான் இருக்கறது ரொம்ப தூரம்மா. ஒன்னும் ஆவாது."

"கடல் பக்கமா, மல பக்கமா?"

"கடல் பக்கம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கடல் பக்கம் என்று சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்த முடியாது என்பது எனக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

உச்சியைச் சுற்றி 9 கிலோமீட்டர், சில திசைகளில் 12 கிலோமீட்டர் வரைக்கும் யாரும் இருக்கக் கூடாது என்று வரைந்திருந்தார்கள். அந்த ஒரே வாரத்தில் ஜனம் வெள்ளம் போல் இறங்கியது. அக்டோபர் தொடக்கத்தில் முகாம்களில் இருந்தவர்கள் 1,40,000 பேருக்கு மேல். கோட்டுக்கு உள்ளே வாழ்ந்தவர்கள் அதில் பாதிதான் இருப்பார்கள். மீதிப் பேர், கோட்டுக்கு வெளியே இருந்தும் பயந்து வந்தவர்கள். நீங்கள் ஊர் திரும்பலாம் என்று ஆளுநரே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இதைச் சிலர் அறியாமை என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. 1963-இல் இதே மலை வெடித்ததைப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிற ஊரில், வரைபடத்தில் போட்ட கோட்டைவிடப் பாட்டி சொல்வதற்கு எடை அதிகம்.

என் வார விடுமுறையில் க்ளுங்குங் ஊரில் இருக்கும் ஸ்வெசாபுரா விளையாட்டு அரங்குக்குப் போனேன். ப்ளியின் குடும்பம் அங்கேதான் இருந்தது. கூரைக்குக் கீழே தார்ப்பாய் விரித்து வரிசை வரிசையாக ஆட்கள். வெளியே கூடாரங்கள். ஓட்டலில் கேட்டு வாங்கி எலுமிச்சை சாதம் கிளறிப் பொட்டலம் கட்டி எடுத்துப் போயிருந்தேன். பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். ப்ளியின் மனைவி எங்கிருந்தோ சின்ன வெங்காயம், எலுமிச்சைப் புல், காந்தாரி அளவில் இருக்கும் மிளகாய் எல்லாம் வாங்கிவந்து பொடிப்பொடியாக நறுக்கி, சூடான தேங்காயெண்ணெய் ஊற்றிப் பிசைந்தார். சம்பல் மத்தாஹ். அதைத் தொட்டுக்கொண்டதும் சாதம் காலியாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து சம்பலையும் சேர்த்தே எடுத்துப் போனேன்.

ப்ளியின் அம்மாவை எல்லாரும் 'டாடோங்' என்றார்கள். பாட்டி என்று அர்த்தம். 1963-இல் சிறுமி. அந்த வருஷம் பெசாகி கோயிலில் ஏகாதச ருத்ரா என்கிற மாபெரும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. பிப்ரவரி 18-ஆம் தேதி மலை விழித்தது. மார்ச் 17-இல் பெருவெடிப்பு. மே மாதம் இன்னொன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மலையின் மடியிலேயே இருக்கும் பெசாகி கோயில் தப்பியது. ஆனால் டாடோங் நெருப்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. சாம்பல் விழுந்து வயல் செத்ததையும், அதற்குப் பின் வந்த பசியையும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய சித்தப்பா குடும்பம் அந்தப் பசியில்தான் சுலவேசித் தீவுக்குக் குடிபெயர்ந்து போயிற்று. அப்படிப் போன பாலிக் குடும்பங்கள் ஏராளம்.

"மலை மோசம் பண்ணலை. மண்ணு கொடுத்துச்சு" என்றும் அவரே சொன்னார். அது உண்மை. 1963-இல் இறங்கிய கல்லும் மணலும்தான் அந்தப் பக்கத்து மணல் குவாரிகள். தெற்கே கட்டப்படும் கட்டடங்களுக்கு அங்கிருந்துதான் லாரிகள் மணல் ஏற்றி வரும். தடை போட்ட பிறகும் சில லாரிகள் உள்ளே போய்வந்தன. சலாக் பழத் தோட்டங்கள் அந்த மண்ணில்தான் நிற்கின்றன. ப்ளியின் மாடு மேய்வதும் அங்கேதான்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். ஆபத்து வட்டத்துக்குள் 30,000 மாடுகள் அளவில் இருப்பதாக அப்போது சொன்னார்கள். பாலி மாடு பார்க்க அழகாக இருக்கும். செம்பழுப்பு உடம்பு, பின்பக்கம் வெள்ளை, முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. ப்ளிக்கு மூன்று மாடு. ஒன்று சினை. ஓட்டல் சம்பளம் அன்றாடத்துக்குப் போய்விடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பல் வெட்டும் சடங்கு, அப்பாவுக்குச் செய்ய வேண்டிய தகனச் சடங்கு எல்லாம் மாட்டைத்தான் நம்பியிருந்தன. வங்கியில் போட்டிருந்தால் பணம் மலையை விட்டு ஓடத் தேவையில்லை. கொட்டகையில் கட்டியிருந்தால் யாராவது போய் அவிழ்க்க வேண்டும்.

வியாபாரிகள் லாரியோடு வந்து நின்றார்கள். பாதி விலை. சிலர் அதற்கும் கீழே கேட்டார்கள். இரண்டு மாட்டை ப்ளி அப்படித்தான் கொடுத்தார். சினை மாட்டைக் கொடுக்க மனசில்லை. தினமும் காலையில் வண்டியில் மேலே போவது, புல் அறுத்துப் போடுவது, தண்ணீர் காட்டுவது, இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்புவது. அப்புறம் சானூருக்கு வந்து இரவு வேலை. அவர் ஒருவர் இல்லை, நூற்றுக்கணக்கான ஆண்கள் அதைத்தான் செய்தார்கள். வெளிநாட்டுச் செய்திகளில் 'எச்சரிக்கையை மதிக்காத கிராமத்தினர்' என்று இவர்களைத்தான் காட்டினார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. பத்து நாளுக்குள் அரசும் தன்னார்வலர்களும் மாடுகளை இறக்கிக் கட்டுவதற்கு இடம் ஒதுக்கினார்கள். ப்ளியின் சினை மாடு லாரியில் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கோட்டைத் தாண்டவில்லை. மாட்டுக்கு வழி சொன்னதும் மனிதன் தானாக இறங்கிவிட்டான்.

அடுக்களையில் எங்களுக்கு ஒரு புது வழக்கம் வந்தது. எரிமலை ஆய்வு மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடும். ஆழத்து அதிர்வு இத்தனை, மேலடுக்கு அதிர்வு இத்தனை என்று. யாராவது ஒருவர் உரக்கப் படிப்பார். செப்டம்பர் கடைசியில் ஒரு நாளைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் என்று போனது. மலைக்கு அடியில் கற்குழம்பு மேலே வர இடம் தேடி, பாறையை உடைக்கும்போது வரும் அதிர்வுகள் அவை. எண் கூடினால் கத்தி தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோகும்.

கூடவே வதந்தியும் வந்தது. எங்கோ வெடித்த வேறு மலையின் பழைய வீடியோவை ஆகுங் என்று அனுப்பினார்கள். 'இன்று இரவு பன்னிரண்டுக்கு வெடிக்கும்' என்று நேரம் குறித்தெல்லாம் வாட்ஸ்அப்பில் ஓடியது. எந்த விஞ்ஞானியும் எரிமலைக்கு மணி குறிக்க முடியாது. அப்படி நேரம் சொன்னாலே பொய் என்று எங்களுக்குப் புரியவைத்தவர் ஒருவர் இருந்தார். சுத்தோபோ புர்வோ நுக்ரோஹோ, நாட்டின் பேரிடர் முகமையின் செய்தித் தொடர்பாளர். ராத்திரி பகல் இல்லாமல் ட்விட்டரில் எழுதுவார். பொய்யான படத்தை எடுத்துப் போட்டு இது பொய் என்பார், சரியான படத்தைப் பக்கத்தில் வைப்பார். பயமுறுத்தவும் மாட்டார், பூசி மெழுகவும் மாட்டார். அடுத்த ஜனவரியில் அவருக்கே நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் வேலையை விடவில்லை. 2019 ஜூலையில் இறந்தார். நான் நேரில் பார்க்காத மனிதர்தான். அன்றைக்கு எங்கள் அடுக்களையில் ஒருவரும் சரியாகச் சமைக்கவில்லை.

தடையை மீறி உச்சிக்கே ஏறிப் படையல் வைத்து, பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து வீடியோ போட்டவர்களும் இருந்தார்கள். ஏறாதீர்கள் என்று அதிகாரிகள் மன்றாடினார்கள். அவர்கள் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, அவனே போயிருக்கிறான் நமக்கென்ன என்று மாடு பார்க்கப் போனவன் ஒருவன் ராத்திரி தங்கிவிட்டால் என்ன ஆகும் என்றுதான் பயந்தேன்.

அக்டோபர் நடுவில் எல்லாருக்கும் சலித்துவிட்டது. உண்மையான கஷ்டம் இங்கேதான் ஆரம்பித்தது. பயம் ஒரு வாரம் தாங்கும், அரங்கத் தரையில் ஒரு மாதம் படுப்பதைத் தாங்காது. குழந்தைகளுக்கு இருமல். ஆண்களுக்குச் செய்ய வேலையில்லை. சானூரில் அறைகள் காலி. எங்களுக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள், சம்பளமும் அதற்கேற்ப. டாக்சி ஓட்டுகிறவர்கள் வெளிப்படையாகவே திட்டினார்கள்: "எங்க வெடிச்சுது? பேரைச் சொல்லியே எங்களைக் கொன்னுட்டாங்க." அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. மலையடியில் இருந்த ஆபத்தைத் தீவு முழுக்கப் பரப்பிப் பேசியதில் அவர்கள் வயிற்றில் அடி விழுந்தது நிஜம்.

இந்தச் சலிப்பை எனக்கு முன்பே தெரியும். சுனாமி வந்த நாலாவது நாள், டிசம்பர் 30, மறுபடி அலை வருகிறது என்று எச்சரிக்கை வந்தது. பிணம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். அம்மா செருப்பில்லாமல் ஓடியது. அலை வரவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா கடலில் மறுபடியும் பெரிய நடுக்கம், மறுபடியும் எச்சரிக்கை. ரேஷன் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கும் அம்மா. அதை எடுத்துக்கொண்டு பெருமாள் கோயில் பக்கம் ஓடியது. சாயங்காலம் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தாராம். அம்மா போனில் சொன்னது: "சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும். நான் ஓடுனேன், திரும்பி வந்தேன். அவ்ளோதான்."

அக்டோபர் 20-க்குப் பிறகு அதிர்வுகள் மளமளவென்று குறைந்தன. 29-ஆம் தேதி ஒரு படி இறக்கி சியாகா ஆக்கினார்கள். நவம்பர் 1 கலுங்கான். முன்னோர்கள் வீட்டுக்கு வரும் திருநாள். வீட்டு வாசலில் வளைந்த மூங்கில் கம்பத்தை அலங்கரித்து நட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் முன்னோர் வந்து யாரைப் பார்ப்பார்கள்? ப்ளியின் ஊர் புது எல்லைக்கு வெளியே வந்துவிட்டதால் குடும்பத்தோடு போய்விட்டார். முகாம்கள் பாதிக்கு மேல் காலியாயின. 'சும்மா பயமுறுத்தினார்கள்' என்ற பேச்சு அப்போதுதான் உச்சத்தில் இருந்தது.

நவம்பர் 21, மாலை ஐந்து மணி தாண்டி, பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், மலை சாம்பல் கக்கியது. எண்ணூறு அதிர்வு வந்த நாளில் சும்மா இருந்த மலை, கணக்கு கீழே கிடந்தபோது வாயைத் திறந்தது. கற்குழம்பு பாதையை ஏற்கெனவே உடைத்து முடித்துவிட்டால் அதற்குப் பிறகு சத்தம் போடத் தேவையில்லை. இதை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 25-ஆம் தேதி இன்னும் பெரிதாக எழுந்தது. 27 காலை மறுபடி ஆவாஸ். பாலியின் ங்குரா ராய் விமான நிலையத்தை மூடினார்கள். முதல் நாளில் நானூறுக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து, 59,000 அளவில் பயணிகளுக்குப் பாதிப்பு. மழையில் சாம்பல் கரைந்து சேற்று வெள்ளமாக ஆறுகளில் இறங்கியது. எங்கள் ஓட்டலில் கோயம்புத்தூர்ப் புதுமணத் தம்பதி மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அழுகை நிற்கவில்லை. ரசம் வைத்துக் கொடுத்தேன். பேருந்தில் ஏறி, கிலிமானுக்கில் படகு பிடித்து ஜாவாவுக்குப் போய் சுரபாயாவில் விமானம் ஏறுவதற்கு வழி கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

ப்ளி இந்த முறை எதுவும் கேட்கவில்லை. 27 காலையிலேயே குடும்பத்தோடு இறங்கிவிட்டார். மாடு முன்பே கீழே கொட்டகையில் கன்றோடு இருந்தது.

1963 மாதிரி ஒரு பெருவெடிப்பு வரவில்லை. பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பிவிட்டு கற்குழம்பு நின்றது. வெடிப்பில் யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகும் என்னிடம் பலர் சொன்னார்கள்: இத்தனை பேரை அலைக்கழித்தது வீண், இத்தனை நஷ்டம் வீண் என்று. 1976-இல் கரீபியனில் குவாதலூப் தீவின் எரிமலை விஷயத்திலும் இதே பேச்சுதான். எழுபதாயிரம் பேருக்கு மேல் மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருந்தார்கள். கற்குழம்பு மேலே வரவே இல்லை. விஞ்ஞானிகளே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் கழித்து கொலம்பியாவில், எரிமலைக்குக் கீழே இருந்த ஆர்மேரோ என்ற ஊர். எந்தெந்த இடம் சேற்றில் போகும் என்று முன்பே வரைபடம் போட்டிருந்தார்கள். அன்று பிற்பகலில் ஊர் மேல் சாம்பல் விழுந்தது. பதற வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னார்கள். ராத்திரி வந்த சேற்றில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நஷ்டக் கணக்கு போடுகிறவர்கள் இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் போடட்டும். ஆனால் குவாதலூப் பக்கத்து நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பதையும் எழுதட்டும். பாலியில் அதைச் சுமந்தது பாதி விலைக்கு மாட்டை விற்றவன்.

2018 பிப்ரவரியில் எல்லையை 4 கிலோமீட்டருக்குக் குறைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ளியின் ஊருக்குப் போனேன். சலாக் ஓலைகளின் இடுக்கில் இன்னும் சாம்பல் ஒட்டியிருந்தது. டாடோங் எனக்குப் பழம் உரித்துக் கொடுத்தார். வாசல் தூணில் ஒரு துணிப்பை தொங்கியது. என்ன என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஜூலை 2, இரவு ஒன்பது மணி வாக்கில் மலை பெரிய சத்தத்தோடு வெடித்தது. தீக்கற்கள் இரண்டு கிலோமீட்டர் வரை தெறித்து, சரிவில் காடு எரிந்தது. எல்லை 4 கிலோமீட்டர்தான். யாரும் ப்ளியை வெளியேறச் சொல்லவில்லை. பத்தரைக்கு அவரே போன் செய்தார். பின்னால் வண்டிச் சத்தம், டாடோங் யாரையோ அதட்டும் சத்தம். எல்லாரும் ரெண்டாங் தாண்டிவிட்டோம், நாளைக்கு வேலைக்கு வர முடியாது என்றார்.

"மாடு?" என்று கேட்டேன்.

"போன வாரம் சாம்பல் வந்தப்பவே பங்லிக்கு அனுப்பிட்டேன், பாக். கன்னுக்குட்டியும் அங்கதான்."